கைத்திறன் தொழிலில் ஒரு வாழ்க்கை: மின்னியலாளரை உதாரணமாகக் கொண்டு



க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சையின் இறுதி வினாத்தாளைக் கையளித்துவிட்டு வெளியே வரும் நாளுக்கும் பெறுபேறு வெளியாகும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் உள்ளன. உங்களிற் பலர் அக்காலத்தில் உயர்தர வகுப்புக்கான தனியார் கல்வி நிலையங்களுக்குச் செல்வீர்கள். சிலர் மாமாவின் கராஜிலோ, அயலில் உள்ள மேசனுடனோ, வயரிங் வேலை செய்யும் அண்ணாவுடனோ கூடமாட நிற்பீர்கள். இப்பாடம் இரண்டாவது வகையினருக்கு மட்டும் உரியதன்று. உயர்தரம் கற்கப் போகின்றவருக்கும் இது பயன்படும். உயர்தரம் கற்றோரில் ஒரு பகுதியினருக்கே பல்கலைக்கழக அனுமதி கிடைக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நமது சமூகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகன் வங்கியில் வேலை செய்கிறான் என்றால் உரத்துச் சொல்வோம். மகன் வயரிங் செய்கிறான் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஆனால் வீட்டில் மின்சாரம் தடைப்பட்டு, மின்சார சபையார் வந்து பார்த்து, "உங்கள் வீட்டுக்குள்ளேதான் பிழை" என்று கூறிச் சென்ற இரவில் நாம் யாரைத் தேடி ஓடுகிறோம்? அவர் வரும்வரை வீட்டார் அனைவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லையா?

1. "கைவேலை" என்பது மூளை வேலையே

கைத்திறன் தொழில்கள் என்னும்போது மின்னியலாளர், நீர்க்குழாய் பொருத்துநர், மேசன், தச்சர் (ஓடாவி), உருக்கி ஒட்டுநர், மோட்டார் வாகனத் திருத்துநர், குளிரூட்டி திருத்துநர் போன்றோரின் தொழில்களைக் கருதுகிறோம். கணக்கில் பலவீனமான பிள்ளைக்கு உரியவை இவை என்னும் எண்ணம் தவறானது. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

இலங்கையில் மின்கம்பி வாங்கச் சென்றால் கடைக்காரர் "1/1.13 வேண்டுமா, 7/0.67 வேண்டுமா?" என்று கேட்பார். முதலாவது எண் இழைகளின் எண்ணிக்கையையும், இரண்டாவது எண் ஓர் இழையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். 7/0.67 கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு யாது?

ஓர் இழையின் ஆரை 0.67 ÷ 2 = 0.335 மி.மீ.
ஓர் இழையின் பரப்பு = 22/7 × 0.335 × 0.335
7 இழைகளின் பரப்பு = 7 × 22/7 × 0.335 × 0.335 = 22 × 0.112225 = 2.47 சதுர மி.மீ. (அண்ணளவாக)

இதனையே 2.5 சதுர மி.மீ. கம்பி என்கிறோம். குதைகளுக்கான (பிளக் பொயின்ற்) சுற்றுகளில் இது பயன்படும். 1/1.13 ஐ இதே முறையில் நீங்களே கணித்துப் பாருங்கள். ஏறத்தாழ 1 சதுர மி.மீ. வரும். அது விளக்குகளுக்கு உரியது. வட்டத்தின் பரப்பளவு வாழ்க்கையில் எங்கே உதவப் போகிறது என்று வகுப்பில் கேட்கும் மாணவருக்கு இக்கணக்கைக் காட்டலாம்.

இனி, 2000 உவாற்று வலுவுள்ள மின்கேத்தலை 230 வோல்ற்று வழங்கலில் இணைத்தால் அது எடுக்கும் மின்னோட்டம் 2000 ÷ 230 = 8.7 அம்பியர் ஆகும். இதனை விளக்குச் சுற்றில் பொருத்திய 5 அம்பியர் குதையில் இணைத்துப் பாவிக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். கம்பி சூடேறும், காவலி இளகும், ஒருநாள் சுவருக்குள்ளேயே எரியும். வேலை தெரிந்த மின்னியலாளர் குதையைப் பார்த்ததுமே இக்கணக்கை மனத்திற் போட்டுவிடுவார். கணக்குத் தெரியாதவர் எரிந்த கம்பியை மாற்றிவிட்டுக் கூலி வாங்கிச் செல்வார். ஆறு மாதத்தில் அதே கம்பி மீண்டும் எரியும்.

மேசனும் அப்படித்தான். அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, மூலைவிட்டம் 5 அடி வருகிறதா என்று பார்க்கிறாரே, அது பைதகரசின் தேற்றம் அன்றி வேறில்லை.

2. தகைமை என்பது யாது?

முன்னர் இத்தொழில்களை ஒரு பாஸிடம் பல ஆண்டுகள் நின்றே கற்றனர். அவ்வாறு கற்றவர்களிடம் சிறந்த கைத்திறன் இருந்தது. ஆனால் அதனை நிரூபிக்கும் கடதாசி இருக்கவில்லை. ஊர் மாறினால் அவர் புதியவரே. வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் அவர் "பயிற்சியற்ற தொழிலாளி"யே.

இக்குறையை நீக்குவதற்கு ஏற்படுத்தப்பட்டதே தேசிய தொழிற்றகைமை முறையாகும். இதனை என்.வி.கியூ. என்று சுருக்கமாக அழைப்பர். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதனை ஒழுங்குபடுத்துகிறது. இதில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரையானவை சான்றிதழ் மட்டங்கள். 4 ஆம் மட்டத்தைப் பெற்றவர் மேற்பார்வையின்றித் தனித்து வேலை செய்யக்கூடிய முழுமையான தொழில்வினைஞராகக் கருதப்படுவார். 5 உம் 6 உம் டிப்ளோமா மட்டங்கள். 7 ஆவது பட்டம். ஆகவே சாதாரண தரத்துடன் வயரிங் கற்கச் செல்லும் ஒருவருக்குப் பட்டதாரியாகும் கதவு மூடப்படுவதில்லை. 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தினால் தாபிக்கப்பட்ட, இரத்மலானையில் அமைந்துள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யுனிவொடெக்) இவ்வழியால் வருவோரையும் கருத்திற்கொண்டே உருவாக்கப்பட்டது.

எங்கே கற்கலாம்? தொழில்நுட்பக் கல்வி, பயிற்சித் திணைக்களத்தின் தொழில்நுட்பக் கல்லூரிகள், 1995 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் ஆகியன பல மாவட்டங்களில் உள்ளன. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை (நைற்றா) வேறுவிதமானது. அது உங்களை ஒரு வேலைத்தலத்தில் பயிலுனராகச் சேர்த்து, வேலை செய்துகொண்டே கற்கச் செய்கிறது. வடபகுதி மாணவர்களுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உள்ளது. மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959 முதல் இயங்கி வருகிறது. மோட்டார் வாகனத் துறையில் அதன் பெயருக்குத் தனி மதிப்புண்டு. பெயர்கள் ஒத்திருப்பதால் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேர்வதற்கான தகைமை பாடநெறிக்குப் பாடநெறி வேறுபடும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு கேள்விகளைத் தவறாது கேளுங்கள். "இப்பாடநெறி மூன்றாம் நிலை ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா?" பளபளப்பான விளம்பரமும் ஆங்கிலப் பெயரும் கொண்ட சில தனியார் நிலையங்கள் பெருந்தொகை அறவிட்டுத் தமது சொந்தச் சான்றிதழை மட்டும் வழங்குகின்றன. அச்சான்றிதழுக்குச் சட்டகம் போடலாம். வேலை கேட்டுச் செல்கையில் அது உதவும் என்று சொல்ல முடியாது.

பல ஆண்டுகள் வேலை செய்து, சான்றிதழ் இல்லாத உறவினர் உங்களுக்கு இருந்தால் அவருக்கும் ஒரு வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்னும் ஏற்பாட்டின் கீழ், பாடநெறியைப் பின்பற்றாமலே தமது திறனை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி அவர் என்.வி.கியூ. பெறலாம். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அவருக்கு உங்கள் உதவி தேவைப்படக்கூடும்.

3. முதல் மூன்று ஆண்டுகள்

பயிற்சி முடித்து வரும் இளைஞர் செய்யும் பொதுவான தவறு, மறுநாளே சொந்தமாக வேலை எடுப்பதாகும். பயிற்சி நிலையத்தில் பலகையில் வயரிங் செய்து பழகியவருக்கு, நாற்பது வருடப் பழைய வீட்டின் கூரைக்குள் எலி கடித்த கம்பியைத் தேடிப் பிடிப்பது புதிய பாடம். பழைய வீடுகளில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற்கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை. இன்றைய முறையில் முறையே கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். இடையில் யாரோ கையில் அகப்பட்ட நிறத்தில் ஒட்டுப்போட்டிருப்பார். இதனை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கக் கற்பதே நல்லது.

ஆனால் எப்படிப்பட்டவர் பக்கத்தில்? வேலையை விரைவாக முடிப்பவரை விட, வேலை முடிந்ததும் சோதித்துப் பார்ப்பவரைத் தேடுங்கள். பிரதான ஆளியை நிறுத்தாமல் "நான் எத்தனையோ வருடமாக இப்படித்தான் செய்கிறேன்" என்று கூறி உயிருள்ள கம்பியில் கைவைப்பவரிடம் கற்க வேண்டாம். நிறுத்திய பின்னும் டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பவரே ஆசான். ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி வைப்பவர், பதினாறு வயதுப் பையனைக் கூரைமேல் ஏற்றாதவர் ஆகியோரையும் இதே வரிசையில் சேர்க்கலாம். 18 வயதுக்குக் குறைந்தோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதை எமது நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. விடுமுறையில் வேலை பழகச் செல்லும் நீங்கள் இதனை அறிந்திருக்க வேண்டும். கருவிப்பெட்டியை எடுத்துக் கொடுக்கலாம், அளவு குறிக்கலாம், பொருட்பட்டியல் எழுதலாம். உயிருள்ள சுற்றில் கைவைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

ட்ரிப் சுவிட்ச் பற்றியும் ஒரு சொல். கம்பியால் செல்லும் மின்னோட்டத்துக்கும் திரும்பி வரும் மின்னோட்டத்துக்கும் இடையே வேறுபாடு தோன்றினால், அதாவது எங்கோ ஓர் உடலினூடாகவோ ஈரச் சுவரினூடாகவோ மின் புவிக்குக் கசிந்தால், அது சுற்றைத் துண்டிக்கும். வீடுகளில் பொருத்தப்படுவது பொதுவாக 30 மில்லியம்பியர் கசிவில் இயங்கக்கூடியது. "அது அடிக்கடி விழுகிறது, கழற்றிவிடுங்கள்" என்று கேட்கும் வீட்டுக்காரர் உங்களுக்கும் ஒருநாள் வாய்ப்பார். மேலதிகப் பணமும் தருவார். நேரடியாக இணைத்துவிட்டு வருவது ஐந்து நிமிட வேலை. கசிவைத் தேடிக் கண்டுபிடிப்பது அரைநாள் வேலை. இத்தொழிலில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த இடத்தில்தான் தெரியவரும். அந்த வீட்டில் தவழும் குழந்தை இருக்கக்கூடும்.

4. மாதச் சம்பளமா, நாட்கூலியா?

பயிற்சி பெற்றவருக்கு இரு அழைப்புகள் வருகின்றன என்று கொள்வோம். ஒரு நிறுவனம் மாதம் ரூபா 60,000 தருகிறது. ஓர் ஒப்பந்தகாரர் நாளொன்றுக்கு ரூபா 3,000 தருகிறார். மாதம் 20 நாள் வேலை இருக்கும். (தொகைகள் கணிப்புக்காக எடுக்கப்பட்டவை.) இரண்டும் 60,000 தானே என்று தோன்றும். அன்று.

நிறுவனத்தில் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் செலுத்தப்படும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்துவார். ஆகவே தொழில்தருநரின் பங்கு 15 வீதம். மாதம் ரூபா 9,000, ஆண்டுக்கு ரூபா 108,000. இது கைக்கு வராத பணம் என்பதால் இளவயதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தியாயின், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு.

நாட்கூலி வேலை செய்பவருக்கும் சேமலாப நிதி உரித்து உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் நிரந்தர ஊழியரை மட்டும் பாதுகாப்பதன்று. நடைமுறையில் பல ஒப்பந்தகாரர்கள் செலுத்துவதில்லை, தொழிலாளரும் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகள் பிறர் வீடுகளுக்கு ஒளி கொடுத்தவர் முதுமையில் மகனின் கையை எதிர்பார்த்து நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். சேர்ந்த முதல் மாதத்திலேயே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள்.

5. சொந்தத் தொழில்: விலை கூறத் தெரிதல்

திறமையான பலர் சொந்தத் தொழிலில் தோற்பது திறமைக் குறைவினால் அன்று. விலை கூறத் தெரியாமையினாலேயே. பின்வரும் கணிப்பை நிதானமாகப் பாருங்கள்.

ஒரு மின்னியலாளர் 24 பொயின்ற்கள் கொண்ட சிறிய வீட்டுக்கு வயரிங் செய்யக் கேட்கப்படுகிறார். பொருட்கள் வீட்டுக்காரருடையவை. பொயின்ற் ஒன்றுக்கு ரூபா 2,000 கூலி என்கிறார். வேலை 6 நாள். அளவெடுத்துப் பொருட்பட்டியல் தயாரிக்க மேலும் ஒரு நாள்.

வருமானம்: 24 × 2,000 = ரூபா 48,000
உதவியாளர் கூலி: 6 × 2,500 = ரூபா 15,000
மோட்டார் சைக்கிள் எரிபொருள்: 7 × 500 = ரூபா 3,500
கருவிகளின் பெறுமானத் தேய்வு: 7 × 150 = ரூபா 1,050
மொத்தச் செலவு: ரூபா 19,550
மிகுதி: ரூபா 28,450

பெறுமானத் தேய்வு 150 எவ்வாறு வந்தது? அவரது கருவிகளின் பெறுமதி ரூபா 90,000. ஆயுள் 3 ஆண்டுகள். ஆண்டுக்கு 200 வேலைநாட்கள். 90,000 ÷ 3 ÷ 200 = 150. மிகுதியான 28,450 ஐ 7 நாட்களாற் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூபா 4,064.

இப்பொழுது வீட்டுக்காரர், "பக்கத்து ஊர்த் தம்பி 1,500 க்குச் செய்கிறார்" என்கிறார். வேலை கைநழுவிவிடுமோ என்று பயந்து இவரும் 1,500 க்கு இணங்குகிறார். வருமானம் 36,000. செலவு மாறாது. மிகுதி 16,450. நாளொன்றுக்கு ரூபா 2,350. அதாவது தமது உதவியாளரின் நாட்கூலியை விட 150 ரூபா குறைவு! பொறுப்பு முழுவதும் இவருடையது, இலாபம் உதவியாளருடையது. கையில் 36,000 காசாக வாங்கும்போது இது தெரிவதில்லை. எழுதிப் பார்த்தால் மட்டுமே தெரியும். வணிகக் கல்வியில் நீங்கள் கற்ற செலவுக் கணிப்பை ஒரு கொப்பியில் வேலைக்கு வேலை எழுதும் மின்னியலாளர் தம் ஊரில் நிலைத்து நிற்பார்.

வேலையின் விபரத்தையும் விலையையும் எழுத்தில் கொடுப்பது, முற்பணம் பெறுவது, வேலை நடுவில் "இதோடு சேர்த்து இதையும்" என்று கூட்டப்படும் பொயின்ற்களைத் தனியே குறித்துக்கொள்வது ஆகியனவும் பழக வேண்டியவை. நம்மவர் இதைக் கேட்கக் கூச்சப்படுவர். உறவினர் வீட்டு வேலையில் இக்கூச்சம் இரட்டிப்பாகும்.

6. வெளிநாட்டு வேலை

பொருளாதார நெருக்கடி ஏற்பட்ட 2022 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றனர். கைத்திறன் உள்ளவருக்கு வெளியே கேள்வி உண்டு என்பது உண்மை. செல்வதாயின் முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உடையவரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் தொழிலின் பெயர் "மின்னியலாளர்" என்றே இருக்கிறதா, "பொதுத் தொழிலாளி" என்றிருக்கிறதா என்பதை வாசிக்க வேண்டும். கையில் 4 ஆம் மட்டச் சான்றிதழ் வைத்துக்கொண்டு மண் சுமந்தவர்கள் அந்த ஒரு வரியை வாசிக்காதவர்கள். ஆங்கிலப் பாடத்தைக் கைவிடாதீர்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. மறுபக்கம்

இத்தொழில்களின் கடினத்தை மறைத்து உங்களை அழைப்பது முறையன்று. மாரியில் கட்டட வேலை குறையும். வெள்ளம் வந்தால் வாரக்கணக்கில் நிற்கும். ஐம்பது வயதில் முழங்காலும் முதுகும் கணக்குக் கேட்கும். சுவர் வெட்டும் தூசியை முகமூடியின்றிச் சுவாசித்தவர் பின்னர் இருமலோடு வாழ்வார். ஆகவே நாற்பது வயதளவில் கையால் செய்வதிலிருந்து மேற்பார்வை செய்வதற்கோ, பயிற்றுவிப்பதற்கோ, கூரைமேற் சூரியமின் படலம் பொருத்துதல் போன்ற புதிய துறைக்கோ மாறும் திட்டம் வேண்டும். 5 ஆம் மட்டத்துக்குப் படிப்பதை ஒத்திப்போடாதவருக்கே அம்மாற்றம் இலகுவாகும்.

பெண் பிள்ளைகள் இப்பக்கங்களைத் தாண்டிச் செல்ல வேண்டாம். பயிற்சி நிலையங்களில் உங்களுக்கும் இடமுண்டு. ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் தனியே இருக்கும் தாய், அறிமுகமற்ற ஆணை உள்ளே அழைப்பதை விட, மின்னியல் தெரிந்த ஒரு பெண்ணை அழைக்கவே விரும்புவார். ஆனால் உங்கள் ஊரில் அப்படி அழைக்க ஒருவரும் இருக்கமாட்டார். அந்த வெற்றிடத்தை ஒரு சந்தையாகப் பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

(அ) 1500 உவாற்று வலுவுள்ள மின்னழுத்தி 230 வோல்ற்று வழங்கலில் எடுக்கும் மின்னோட்டத்தைக் காண்க. இதனை 5 அம்பியர் குதையில் இணைக்கலாமா? காரணம் கூறுக.

(விடைக் குறிப்பு: 1500 ÷ 230 = 6.5 அம்பியர். இணைக்கக்கூடாது. "கூடாது" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், 6.5 ஆனது 5 ஐ விட அதிகம் என்பதைக் குறிப்பிடுக. காரணமின்றி எழுதிய விடை அரைகுறை விடையே.)

(ஆ) பாடத்திற் காட்டிய வயரிங் வேலையில் நாளொன்றுக்குக் குறைந்தது ரூபா 3,500 மிகுதியாக வேண்டுமெனின், பொயின்ற் ஒன்றுக்குக் கேட்க வேண்டிய ஆகக்குறைந்த கூலி யாது?

(விடைக் குறிப்பு: 7 × 3,500 = 24,500; செலவு 19,550; மொத்தம் 44,050. 24 ஆற் பிரிக்க 1,835.42. இதனை 1,835 என்று மட்டந்தட்டினால் 10 ரூபா குறையும். ஆகவே ரூபா 1,836.)

(இ) உங்கள் ஊரில் கைத்திறன் தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் எவ்வாறு தொழிலைக் கற்றார், அவருக்கு என்.வி.கியூ. சான்றிதழும் சேமலாப நிதியும் உண்டா, தமது பிள்ளையை இத்தொழிலுக்கு விடுவாரா ஆகிய வினாக்களைக் கேட்டு, அவர் கூறிய விடைகளை ஒரு பக்கத்தில் எழுதுக. கடைசி வினாவுக்கு அவர் "இல்லை" என்றால், ஏன் என்று கேட்டு அதனையும் எழுதுக.